‘கை மாறிடுச்சு’

ஈப்போவில் இறங்கிய மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் பெரியம்மா சேலை கட்டிக் கிளம்பிவிட்டார். “வீட்டுல ஒண்ணும் பண்ணல. வெளிய போய்ப் பசியாறுவோம்” என்றார். மெல்பர்னில் விமானம் ஏறும் முன்பே என் கைப்பேசியில் ஒரு பட்டியல் தயாராக இருந்தது. ரொட்டி சானாய், வாழை இலையில் மடித்த நாசி லெமாக், பழைய கோப்பித்தியாமில் விற்கிற நாசி கஞ்சா, தவுகே கோழி, உருளைக்கிழங்கு போட்டுப் பிரட்டிய மாமாக் மீ கோரிங், செண்டோல், கடைசியாகப் பெட்டியில் அடைத்து எடுத்துப்போகப் புந்தோங் காச்சாங் பூத்தே. மொத்தம் பத்தொன்பது. வெளிநாட்டில் இருந்து ஊர் திரும்புகிற எந்த மலேசியரைக் கேட்டாலும் இப்படி ஒன்று வைத்திருப்பார். பார்க்க வேண்டிய சொந்தக்காரர்களின் பட்டியல் இதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

தாமான் முனையில் ஒரு ஒட்டுக்கடை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருந்து அதே மரத்தடிதான், அதே தகரக் கூரைதான். ரொட்டி போடுகிறவர் மட்டும் புது ஆள், வங்காளதேசத்து இளைஞர். உட்காரும்போதே பெரியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். ரொட்டி வந்தது. ஒரு துண்டு பிய்த்துப் பருப்பில் தோய்த்து வாயில் போட்டார். மென்று முடிக்கவில்லை.

“ம்ஹூம். கை மாறிடுச்சு.”

எனக்கு அந்த ரொட்டி நன்றாக இருந்தது. வாயைத் திறந்து அதைச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் 2022-இல் எல்லைகள் திறந்தபிறகு ஊருக்கு வந்து போனபோது, இதையேதான் நானும் எழுதினேன். ரொட்டி சானாய் செத்துப்போய்விட்டது, வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போன அன்றைக்கே செத்துப்போய்விட்டது என்று. அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த பாராட்டு நான் எழுதிய வேறு எதற்கும் கிடைத்ததில்லை. அதை இப்போது எடுத்துப் படித்தேன். மூன்று பக்கத்தில் ஒரு இடத்தில்கூட ரொட்டியின் மாவைப் பற்றியோ, அடுக்கைப் பற்றியோ, சூட்டைப் பற்றியோ ஒரு வரி இல்லை. போட்டவர் யார் என்பது மட்டும்தான் இருந்தது. சாப்பாட்டைப் பற்றிய விமர்சனம் என்று நினைத்து ஒரு ஆளைப் பற்றிப் புகார் எழுதியிருக்கிறேன்.

அதனால் இந்த முறை ஒழுங்காகச் சாப்பிடலாம் என்று முடிவு பண்ணினேன்.

ரொட்டி சானாயில் பார்க்க வேண்டியது என்ன? மைதா, உப்பு, தண்ணீர், கொஞ்சம் சீனி, கொஞ்சம் பால், சிலர் முட்டையும் சேர்ப்பார்கள். பிசைந்து உருண்டை பிடித்து, மார்ஜரின் தடவித் தட்டில் அடுக்கி ஊற விடுவார்கள். பாதி வேலை ராத்திரியே முடிந்துவிடும். காலையில் நாம் வேடிக்கை பார்க்கிற வீச்சு மிச்சப் பாதி. உருண்டையைத் தட்டி, ஓரத்தைப் பிடித்து வீசி, கல்மேல் கிழியாமல் விரிக்கணும். உள்ளே காற்று சிக்கும்படி மடிக்கணும். சுட்டு எடுத்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்கி அடுக்கைப் பிரிக்கணும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்தக் கடைசி அடிதான். அதை விட்டுவிட்டால் ரொட்டி வெறும் தட்டையான பலகை. மாவு சரியாக ஊறவில்லை என்றால் நடுவில் ரப்பர் மாதிரி இழுக்கும். கல் போதிய சூடு இல்லை என்றால் மார்ஜரினைக் குடித்துவிட்டு வெளுத்துப்போய் வரும்.

நாலு நாள் தொடர்ந்து அந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். இளைஞர் ஒரு ரொட்டியைக்கூட அடிக்காமல் விடவில்லை. ஓரம் மொறுமொறு, உள்ளே பஞ்சு, அடுக்கு அடுக்காகப் பிரிகிறது. மூன்றாம் நாள் கூட்டம் அதிகமாகி இரண்டு ரொட்டி வெளுத்து வந்தன. அவரே பார்த்துவிட்டு மறுபடி கல்லில் போட்டார்.

நெய் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்த மணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லணும். மஞ்சள் டின்னில் வருகிற பிளாந்தா மார்ஜரின் மணம் அது. நம் சின்ன வயசின் வாசனை என்று உருகுவதில் பாதி தொழிற்சாலையில் இருந்து வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ‘அந்தக் காலத்து அசல்’ என்று ஆரம்பிக்கிறவர்கள் டின்னையும் கணக்கில் சேர்க்கணும்.

ஐந்தாம் நாள் ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ஒரு வீடு, இரண்டு தட்டு, அவ்வளவுதான். சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கடையில் உள்ளூர்க்காரர் ஒருவர், தமிழ் முஸ்லிம் பெரியவர், நாற்பது வருடமாக ரொட்டி போடுகிறார். அங்கே இரண்டு, இங்கே இரண்டு, பொட்டலம் கட்டி ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டையும் குழம்பு இல்லாமல் வைத்தேன். எது எந்தக் கடை என்று சொல்லவில்லை. பெரியம்மா இரண்டிலும் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இதான் நம்ம ஆளு போட்டது. அடுக்கப் பாரு.” அது வங்காளதேசத்து இளைஞர் போட்டது. சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“நீ தட்ட மாத்தி வெச்சிட்ட.”

பொட்டலத்தில் கட்டினால் ரொட்டி நமத்துப்போகும், ஒரு நாள் முடிவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, பெரியவருக்கு அன்றைக்கு முடியாமல்கூட இருந்திருக்கலாம். எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். அவர் போட்டதும் நல்ல ரொட்டிதான். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஆளைப் பார்க்காதபோது நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை, தெரிந்த கொஞ்சமும் எதிர்ப்பக்கமாகத் தெரிந்தது.

இதற்கு நேர் எதிர் கதை நாசி லெமாக். நாங்கள் வாங்குகிற மலாய்க்கார மக்சிக்கிடம் அம்மா காலத்தில் இருந்து வாங்குகிறோம். கை மாறவே இல்லை. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், விடிவதற்கு முன்னே எழுந்து அவரேதான் சோறு ஆக்குகிறார், அவரேதான் சம்பால் கிண்டுகிறார். பொட்டலத்தைப் பிரித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சோறு இளைத்திருந்தது. பண்டான் மணம் இருக்கிறது, இஞ்சி இருக்கிறது, ஆனால் தேங்காய்ப்பால் சோற்றைப் பூசிக்கொண்டு நிற்கவில்லை. முன்பெல்லாம் கையில் பிசுபிசுப்பு ஒட்டும், இப்போது உதிர்கிறது. நெத்திலியை எண்ணிவிடலாம். முட்டை அரையாக இருந்தது காலாகிவிட்டது. வாழை இலை, உள்ளே மெழுகுத் தாளாகி, இப்போது பிளாஸ்டிக் பூசிய பழுப்புத் தாள் மட்டும். ஒரு வெள்ளிக்கு வாங்கிய பொட்டலம் இப்போது இரண்டு வெள்ளி ஐம்பது காசு.

கேட்டேன். மறைக்காமல் சொன்னார். தேங்காயைக் கடையில் திருவி வாங்கி வந்து பிழிந்த காலம் போய்விட்டதாம். இப்போது பாதிக்குப் பாதி பொட்டலப் பால். மலேசியா தனக்கு வேண்டிய தேங்காயில் ஒரு பங்கை இந்தோனேசியாவில் இருந்து இறக்குமதி செய்கிறது. அங்கே விளைச்சல் குறைந்தாலோ, வேறு நாடு கூட விலை கொடுத்தாலோ, இங்கே மக்சிக்கின் சோறு உதிர ஆரம்பிக்கிறது. 2025-இல் நோன்பு மாதத்துக்கு முன்பு தேங்காய் கிடைக்காமல் திண்டாடியதை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டையும் உதவித்தொகையையும் 2023 நவம்பரில் அரசு நிறுத்தியது. பொரித்த கோழி வைத்த நாசி லெமாக் அதற்குப் பிறகு இவரிடம் கிடையாது.

இந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பெரியம்மா சொன்னது: “மக்சிக் கைய அடிச்சுக்க ஆளே இல்ல.”

ஆக, கை மாறாத இடத்தில் சுவை மாறிவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. கை மாறிய இடத்தில் சுவை அப்படியே இருக்கிறது, மாறிவிட்டது என்கிறோம்.

தே தாரிக்கும் இதே ரகம். தண்ணி கலக்குகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று விசாரிக்கிறோமே தவிர, டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. கெட்டிப்பால் என்று நாம் கூப்பிடுவது பெரும்பாலும் இப்போது செம்பனை எண்ணெய் கலந்த இனிப்புக் கிரீமர். பால் கொழுப்பின் இடத்தை எண்ணெய் எடுத்துக்கொண்டது. நாக்கின் நடுவில் ஒரு வழவழப்பு தங்கி நிற்கும், அதுதான். எவ்வளவு உயரத்தில் இருந்து இழுத்து ஊற்றினாலும் அது போகாது. இது ருசியைப் பற்றிய நியாயமான புகார். சத்தமாகச் சொல்லலாம். ஆனால் ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, அந்தக் ‘கை’ என்பது யாருடைய கை? நம் ஊர்ச் சாப்பாட்டில் எந்தக் கை உள்ளூர்க் கை?

நாசி கண்டாரில் இருந்து ஆரம்பிக்கலாம். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டு மாதிரி ஒரு கழியைத் தோளில் வைத்து, ஒரு பக்கம் சோறும் இன்னொரு பக்கம் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத்துக் கூலிகளுக்கு விற்றார்கள். கண்டார் என்பது அந்தத் தண்டுதான். கடையநல்லூரிலும் இராமநாதபுரம் பக்கத்திலும் இருந்து கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கொண்டுவந்த குழம்பு இங்கே வந்து வேறு ஒன்றானது. மாமாக் மீ கோரிங் இன்னும் வேடிக்கை. சீனர்களின் மஞ்சள் மீ, சீனர்களின் தவ்ஹு, நம்ம ஊர் உருளைக்கிழங்கு, பாட்டில் தக்காளிச் சாறு, மேலே பிழிய எலுமிச்சை. இந்தியாவில் இப்படியொரு பண்டம் கிடையாது, சீனாவிலும் கிடையாது. வெளியூரில் இருந்து வந்து, இங்கே கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தவர்கள் கண்டுபிடித்தது.

ஈப்போவில் ஜாலான் யாங் கல்சோமில் யோங் சுவான் என்று ஒரு சீனக் கோப்பித்தியாம். அதற்குள்ளே ஒரு இந்திய முஸ்லிம் குடும்பம் நாசி கண்டார் விற்கிறது. சிவப்புக் கோழி, உப்பு முட்டை, தேங்காய்ச் சம்பால். ஒருமுறை சாப்பிட்டால் விடாது என்பதால் ஊர் வைத்த பெயர் நாசி கஞ்சா. இந்த முறை முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். குழம்புகள் தட்டில் ஒன்றோடொன்று கலக்கிற இடம்தான் அந்தச் சோற்றின் உயிர். தனித்தனியாக எடுத்தால் சிவப்புக் கோழி கொஞ்சம் இனிப்பு, உப்பு முட்டை வெறும் உப்பு. சேர்ந்தால் அது வேற கதை. சீனர் கடை, தமிழ் முஸ்லிம் அடுப்பு, வரிசையில் எனக்கு முன்னே மலாய்க்காரக் குடும்பம். பட்டியலில் இருந்த பத்தொன்பதில் இதற்கு மட்டும்தான் எதிர்பார்ப்புக்கும் மேலே மதிப்பெண் போட்டேன்.

அப்புறம் புந்தோங். எட்டயபுரத்துப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் குடியேறி, முறுக்கும் ஓமப்பொடியும் வறுத்த கடலையும் செய்து விற்ற இடம். இன்றைக்கு ஊர் அதைக் கம்போங் காச்சாங் பூத்தே என்றுதான் கூப்பிடுகிறது. தெற்கத்திக் கரிசல் காட்டுப் பலகாரம், கன்டனீஸ் பேசுகிற ஈயச் சுரங்க ஊரில், மலாய்ப் பெயரில் விற்கிறது. 1985-இல் ஈயத்தின் விலை விழுந்து சுரங்கங்கள் மூடினபோது ஊரில் எவ்வளவோ மூடியது. முறுக்கு மூடவில்லை. நான் போனபோது ஒரு கடையின் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நேப்பாளத்துக்காரர் ஒருவர் நின்றார். முதலாளியின் பேத்தி சிங்கப்பூரில் கணக்காளர். சட்டியின் முன்னால் அவர் நிற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவருடைய தாத்தாவும் எதிர்பார்க்கவில்லை, அதற்காகத்தானே படிக்க வைத்தார்.

இந்த வரலாறு ஒன்றும் இரகசியமில்லை. எல்லோருக்கும் தெரியும், மேடையில் பெருமையாகவும் சொல்வார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனித குலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல இனச் சமூகம் ஒன்றாக உட்கார்ந்து பசியாறுகிற அனுபவம் என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அதில் முன்னால் நிற்கின்றன. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தலைப்பு சாப்பிடுகிறவர்களைப் பற்றியது. யார் யார் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு அதில் இடம் எங்கே என்று தேடினேன்.

கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைப் பற்றி நாம் பேசியதெல்லாம் வேறு மொழியில். பினாங்கு மாநிலம் 2016-இல் இருந்து ஒட்டுக்கடைகளில் உள்ளூர்ப் பண்டங்களை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்றது. 2018-இல் மனிதவள அமைச்சராக இருந்த எம். குலசேகரன், 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்களே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். கடைக்காரர்கள் கொந்தளித்தபிறகு பின்வாங்கினார். அவர் எங்கள் ஈப்போ பாராட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். எட்டயபுரத்துக் கை முறுக்கு பிழிந்த புந்தோங்கும் அந்தத் தொகுதிக்குள்தான் வருகிறது.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் போனால் நான் மறுபடியும் ஒருதலையாக எழுதினவன் ஆவேன். நியாயம் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளி குறைந்த கூலிக்கு நிற்பார் என்பதால் முதலாளி கூலியை ஏற்றுவதில்லை. கூலி ஏறாததால் உள்ளூர்ப் பிள்ளைகள் அடுப்பங்கரைப் பக்கம் வருவதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2022-இல் 1,500 வெள்ளி, 2025 பிப்ரவரியில் இருந்து 1,700 வெள்ளி. விடிகாலை நாலு மணிக்குக் கல்லுக்கு முன் நின்று இந்தச் சம்பளத்துக்கு ரொட்டி வீச என் அக்கா மகன் போவானா? போகமாட்டான், போகச் சொல்லவும் மாட்டோம். ரொட்டி சானாய் இருபது காசு ஏறினால் அது செய்தியாகிற நாடு இது. அந்த இருபது காசைக் கொடுக்க மனசு வராத நாமேதான் உள்ளூர்க் கை வேண்டும் என்றும் கேட்கிறோம். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது.

இரண்டாவது நியாயம் இன்னும் கனமானது. கைப்பக்குவம் ஒரு இடத்தில் தங்கினால்தான் வளரும். ஒரு ஆள் இரண்டு மூன்று வருடத்தில் ரொட்டி வீசக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் பழைய மீ கோரிங் மாதிரி புதிதாக ஒன்று பிறக்க வேண்டும் என்றால் அவர் இங்கேயே இருந்து, இங்கே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குப் பிடித்த மாதிரி குழம்பை மாற்றி, அது பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வரணும். நாசி கண்டாருக்கு நடந்தது அதுதான். இன்றைக்கு வேலைப் பாஸில் வருகிறவருக்கு அது நடக்காது. பாஸை வருடா வருடம் புதுப்பிக்கணும், பொதுவாகப் பத்து வருடத்தோடு சரி. குடும்பத்தைக் கூட்டிவர முடியாது, இங்கே கல்யாணம் செய்ய முடியாது. கை பழகி, ஆள் கொஞ்சம் துணிந்து தன் பங்குக்கு எதையாவது சேர்க்கிற நேரத்தில் விமானம் ஏற்றிவிடுகிறோம். அப்புறம் அடுத்த ஆள், முதலில் இருந்து. கை மாறிடுச்சு என்று நாம் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்மையில் இருக்கிறது, அந்தக் காரணம் அந்தக் கையில் இல்லை. 2022-இல் நான் எழுதியிருக்க வேண்டியது இதை.

இதைப் பெரியம்மாவிடம் சொல்லிப் புரியவைக்கலாம் என்று ஒரு சாயங்காலம் ஆரம்பித்தேன். தே போட்டுக் கொடுத்துவிட்டு, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. அவருடைய அண்ணனைப் பற்றிச் சொன்னார். வீட்டுச் சுவரில் படம் மாட்டியிருக்கும், ஆனால் யாரும் அவரைப் பற்றி விரிவாகப் பேசிக் கேட்டதில்லை.

அண்ணன் தமிழ்நாட்டில் பிறந்தவர், மூன்று வயதில் கப்பலில் வந்தவர். பெரியம்மா இங்கே தோட்டத்தில் பிறந்தவர். அதனால் ஒரே வீட்டில் அண்ணனுக்குச் சிவப்பு ஐசி, தங்கைக்கு நீல ஐசி. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கப் பர்மிட் எடுக்கணும். 1969-க்குப் பிறகு அது இறுகியது. சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று புத்தகங்களில் வரும். அந்த எண்ணை நான் எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன், அதில் ஒருவர் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது தெரியாமலே. சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டியவர். மரத்துக்குக் காயம் படாமல் வெட்டுவார், பட்டை அவர் கைக்கு வழுக்கிக்கொண்டு வரும் என்று மண்டோரே சொல்வாராம். பர்மிட் கிடைக்கவில்லை. பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். மூன்று வயதில் விட்டு வந்த ஊருக்கு இருபத்தாறு வயதில் போனார்.

“அவரு வெட்டின நெரைய மறுநாளே வேற ஆளுக்குக் குடுத்தாங்கடா” என்றார் பெரியம்மா. “யாரும் ஒண்ணும் கேக்கல. பால் வந்துச்சுல்ல.”

அதற்கு மேல் ரொட்டியைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

பட்டியலில் மிச்சம் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தவுகே கோழி வழக்கம்போல. ஈப்போத் தண்ணீர் சுண்ணாம்பு மலையில் இருந்து வருவதால்தான் தவுகே குண்டாக வளர்கிறது என்று இந்த முறையும் மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். குண்டாகத்தான் இருந்தது. செண்டோல் ஏமாற்றம். பனைவெல்லத்துக்குப் பதில் கறுப்புச் சீனிப்பாகு ஊற்றியிருந்தார்கள், தேங்காய்ப்பாலைப் பற்றி மேலே சொன்னதேதான் இங்கேயும். செண்டோல் ஊற்றியவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். மீ கோரிங் இரண்டு கடையில் சாப்பிட்டேன், ஒன்று கருகல், ஒன்று அருமை. அருமையாகப் போட்டவர் எந்த நாட்டுக்காரர் என்று இந்த முறை வேண்டுமென்றே கேட்கவில்லை. பத்தொன்பதில் ஆறைத் தொடவே இல்லை. வயிறும் முன்ன மாதிரி இல்லை.

கிளம்புகிற நாள் காலை மறுபடியும் அந்த மரத்தடிக்குப் போனோம். பெரியம்மாதான் கூப்பிட்டார். இளைஞர் “அம்மா, ரொட்டி கோசோங் துவா?” என்று கேட்டார், நாங்கள் வெறும் ரொட்டி இரண்டு கேட்போம் என்று அவருக்குப் பழகிவிட்டது. பெரியம்மா உட்காராமல் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று, தன் உடைந்த மலாயில் பாஸ் எத்தனை வருடத்துக்கு என்று விசாரித்தார். ஆறு வருடம் ஆகிவிட்டதாம். ஊரில் ஒரு மகள், ஐந்து வயது, பார்த்ததெல்லாம் கைப்பேசியில். மாவை வீசிக்கொண்டே சொன்னார், வீச்சு நிற்கவில்லை.

ரொட்டி வந்தது. பெரியம்மா ஒரு துண்டு பிய்த்தார், பருப்பில் தோய்த்தார், மென்றார். இந்த முறை மென்று முடித்தார்.

“தம்பி” என்று கல்லைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “இன்னைக்கு உப்புக் கூடிப்போச்சு.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எங்கள் தட்டில் இருந்த பருப்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பருப்பு நான் வைத்ததில்லை, முதலாளி அம்மா வைத்தது என்று மெதுவாக மலாயில் சொல்லிவிட்டு, உள்ளே போய் மீன் குழம்பு ஒரு கிண்ணம் எடுத்துவந்து வைத்தார்.